ஒன்றா, ஏழா?

கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் காலை ஆறு மணிக்கு உட்காரும் எங்கள் பென்ஷன்தாரர் கூட்டத்தில் போன வாரம் ஒரு சின்னச் சண்டை. ஏதோ ஒரு சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, மூன்று முறை அலைந்த நண்பர் ஒருவர், "கம்ப்யூட்டர் வந்துதான் எல்லாத்தையும் கெடுத்துது" என்றார். எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர் விடவில்லை. "கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அதை வெச்சு வேலை செய்யத் தெரியாத குமாஸ்தாக்கள்தான் காரணம்" என்று சொல்லி என்னைப் பார்த்தார். முப்பத்தேழு வருஷம் குமாஸ்தாவாகவே இருந்தவன் நான். பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்பது என் கருத்து. அரசாங்கத்தில் கணினித் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இயந்திரத்தாலும் அல்ல, குமாஸ்தாவாலும் அல்ல. திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போய்விடுவதால்தான் கெடுகிறது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எழுந்து போனவர்களில் நானும் ஒருவன்.

2002 வாக்கில் நான் ஓர் அலுவலகத்தில் யூ.டி.சி.யாக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகள் நிறைய இருந்தன. தோல் அட்டை, தடித்த காகிதம், கோழி இறகால் எழுதியதோ என்று நினைக்க வைக்கும் சாய்ந்த கையெழுத்து. பிரெஞ்சு படித்த குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த காலம். அந்தப் பிரிவில் கடைசியாக மிஞ்சியவன் நான்தான்.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதென்று உத்தரவு வந்தது. டெண்டர் விட்டார்கள். ஒரு பதிவுக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. ஓர் அறைக்கு ஏ.சி. போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலுக்குப் போவதுபோல நாங்களும் போனோம். டிகிரி முடித்த பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார்ந்து தட்டினார்கள். நல்ல பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள். ஆனால் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. திறப்பு விழாத் தேதி மட்டும் முதலிலேயே குறித்தாகிவிட்டது.

பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு விஷயம் உண்டு. ஒரு குழந்தையின் பிறப்பை எழுதும்போது தேதியை எண்ணால் எழுதமாட்டார்கள், எழுத்தால் எழுதுவார்கள். ஒருவரும் திருத்தமுடியாது, குழப்பமும் வராது. ஆனால் ஒவ்வொரு பதிவையும் படிக்க நேரம் ஆகும். பதிவேட்டின் கடைசியில் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் தேதி எண்ணில் இருக்கும். காண்டிராக்டர் என்ன செய்தார் என்றால், அட்டவணையை மட்டும் பார்த்துத் தட்டச் சொல்லிவிட்டார். ஒரு நாளில் முடிக்கும் எண்ணிக்கை நாலு மடங்கு ஆனது.

இங்கேதான் ஒன்றும் ஏழும் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று எழுதும்போது மேலே இடது பக்கம் நீளமாக ஒரு வால் வைப்பார்கள். நம் கண்ணுக்கு அது ஏழுபோலவே இருக்கும். அந்தக் குழப்பம் வராமல் இருக்க அவர்கள் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார்கள். சின்ன வயதில் எங்கள் முசே வாத்தியார், அந்தக் கோடு போடாவிட்டால் கணக்கு சரியாக இருந்தாலும் மார்க்கைக் குறைத்துவிடுவார். தட்டச்சு செய்த பெண் ஒருத்தி, கோடு போட்ட ஏழைக் காட்டி, "சார், இது என்ன, எஃப்பா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடு போட்ட ஏழே இவர்களுக்குத் தெரியவில்லை என்றால், வால் வைத்த ஒன்றை எல்லாம் என்னவென்று போட்டிருப்பார்கள்?

பெயர்களும் அப்படித்தான். 'முத்து' என்பதை இங்கிலீஷில் எம், யூ, டி, ஹெச், யூ என்று எழுதுகிறோம். பிரெஞ்சில் எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ. நம் 'உ' ஓசைக்கு அவர்கள் இரண்டு எழுத்து வைப்பார்கள். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வீட்டில் அண்ணன் பெயர் ஒரு மாதிரியும் தம்பி பெயர் வேறு மாதிரியும் இருக்கும். ஆனால் வெளியூரில் எழுதிய மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அது பதிவைக் காட்டும்.

நான் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். வாயால்தான் சொன்னேன். "முதல்ல திறப்பு விழா முடியட்டும், திருத்தம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் மேலேயும் நெருக்கடி இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அச்செடுத்த கட்டுகள் என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு கட்டுக்குப் பத்துப் பதிவு பார்த்தேன். கடைசி வாரத்தில் அதுவும் பார்க்கவில்லை. போட்டுக்கொண்டே போனேன்.

அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், நோட் ஷீட்டில் எழுதாதது நடக்காதது. நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

விழா நன்றாக நடந்தது. ரிப்பன், குத்துவிளக்கு, லட்டு, மிக்சர். ஒரு வருஷம் காண்டிராக்டர் ஆள் வந்து போனார். அப்புறம் ஒப்பந்தம் முடிந்தது. பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். யூ.பி.எஸ். பேட்டரி தீர்ந்தது. புது பேட்டரிக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று ஃபைல் ஆறு மாதம் சுற்றியது. ஏனென்றால் வாங்குவதற்குப் பணம் ஒதுக்கினார்களே தவிர, வைத்துக் காப்பாற்றுவதற்கு ஒதுக்கவில்லை. பழைய பதிவேடுகளைத் துணியில் கட்டிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். "அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே!"

நாலு வருஷம் கழித்து ஒரு நாள். நான் அப்போது வேறு பிரிவுக்கு மாற்றலாகியிருந்தேன். எங்கள் தெருவில் இருந்த ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். எழுபத்தைந்து வயது. வீட்டுக்காரர் இறந்துபோய், விதவை பென்ஷனுக்குப் பிறப்புச் சான்று கேட்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு கடிதம். 'மேற்படி பெயரில் பதிவு இல்லை' என்று அதில் இருந்தது.

"எங்கப்பா எழுதி வெச்சிருக்கேன்னு சொல்லுவாரு தம்பி. நான் பொறக்கவே இல்லன்னு சொல்றாங்களா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேடினேன். கிடைத்தது. 'ஓன்ஸ் ழான்வியே', அதாவது ஜனவரி 11, 1931. அழகாக எழுத்தால் எழுதியிருந்தது. பிறகு கணினியில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடினேன். அவர் பெயர் இருந்தது, ஜனவரி 17 என்று. அட்டவணையில் இருந்த 11 இரண்டு ஏழுபோல இருந்திருக்கிறது. எழுபத்தேழு என்று தேதி கிடையாது. ஆகவே தட்டிய பிள்ளை யோசித்துப் பதினேழு என்று போட்டிருக்கிறது. அந்தக் கட்டின் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கையெழுத்து. என்னுடையதுதான்.

திருத்தலாம் என்றால், சரிபார்த்த பதிவைத் திருத்த மென்பொருளில் வழியே வைக்கவில்லை. கடிதப் போக்குவரத்து நடந்து, கையால் எழுதிச் சீல் வைத்த ஒரு சான்று அந்த அம்மாவுக்குக் கிடைக்க ஏழு மாதம் ஆனது. பென்ஷன் வந்தது. அந்த ஏழு மாதமும் அவர் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எனக்கு நன்றி சொல்ல வாழைப்பழச் சீப்போடு வந்தார். கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

இது ஏதோ நம் ஊர்க் கோளாறு என்று நினைக்காதீர்கள். பிரான்சிலேயே நடந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பல பேர் இன்னும் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார்கள், சொல்தா குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். ராணுவச் சம்பளத்துக்கு 'லூவுவா' என்று ஒரு மென்பொருள் கொண்டுவந்தார்கள். பதினாலாம் லூயி மன்னரின் போர் மந்திரி பெயர் அது. 2011 அக்டோபரில் தரைப்படை அதற்கு மாறியது. சம்பளம் சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை, சிலருக்கு அதிகமாக வந்து பிறகு திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தது. போர்முனையில் புருஷன், வீட்டில் வாடகை கொடுக்கப் பணம் இல்லாத பெண்சாதி. கடைசியில் 2013 டிசம்பரில், இதைக் கைவிடுகிறோம் என்று பாதுகாப்பு மந்திரி லெ திரியான் அறிவித்தார்.

காரணங்களில் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ராணுவச் சம்பளத்தில் படிகள் ஏராளம். எந்தப் படி யாருக்கு, எப்போது என்பது பழைய சம்பள அலுவலகங்களில் இருந்த குமாஸ்தாக்களுக்கு அத்துப்படி. புதிய முறை காலூன்றுவதற்கு முன்பே அந்த அலுவலகங்களை மூடி, ஆட்களைக் கலைத்துவிட்டார்கள். கோளாறு வந்தபோது, எது கோளாறு என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. கனடா அரசாங்கம் 2016இல் 'ஃபீனிக்ஸ்' என்ற சம்பள முறையைக் கொண்டுவந்தபோதும் இதேதான். அனுபவப்பட்ட சம்பளக் குமாஸ்தாக்களை முன்கூட்டியே குறைத்தார்கள், பிறகு வருஷக்கணக்கில் தவித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த முறை பாடம் கற்றுக்கொண்டார்கள். 'சூர்ஸ் சோல்த்' என்ற புதிய முறையைக் கொண்டுவந்தபோது, பழையதிலும் புதியதிலும் ஒரே சமயத்தில் சம்பளம் போட்டுப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். எல்லாப் படைகளையும் ஒரே நாளில் மாற்றவில்லை. 2019இல் கடற்படை, 2020இல் தரைப்படை, 2021இல் விமானப்படை. நம் பாட்டிமார்கள் புதுப் பானையில் முதல் நாளே விருந்துக்குச் சமைக்கமாட்டார்கள், அதே புத்திதான்.

எஞ்சினியர் நண்பர் கேட்பார், "அப்படின்னா பேப்பரே நல்லதுன்னு சொல்றியா?" இல்லை. பேப்பர் காலத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். கரையான் தின்ற பதிவேடு, மழையில் ஒட்டிக்கொண்ட பக்கம், ஒரு பக்கத்தை எடுத்துக் காட்ட பியூனுக்குக் கொடுக்கவேண்டிய காசு. குமாஸ்தாக்கள் எல்லோரும் யோக்கியர்களும் அல்ல. கணினி வந்தால் தங்கள் மேசை போய்விடும் என்று பயந்து, தெரிந்தே ஒத்துழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நன்றாக நடந்த திட்டத்துக்கும் உதாரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. ரயில் முன்பதிவு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி லெட்ஜர், தனி ஜன்னல். தப்பான வரிசையில் நின்றால் அரை நாள் போச்சு. 1980களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கினார்கள். உடனே நாடு முழுக்கப் போடவில்லை. அங்கே நிலைப்படுத்திவிட்டு, பிறகு மற்ற பெருநகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1986இல் ரயில்வே தனக்கென்று 'கிரிஸ்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. இன்று வரை முன்பதிவுக் கணினி அதன் பொறுப்புதான். தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும் காண்டிராக்டர் இல்லை, வீட்டுக்காரர் இருக்கிறார். 2002இல் இணையத்தில் டிக்கெட் வந்தது. அப்போதும் கவுண்டரை மூடவில்லை. இன்றும் போய் ஃபாரம் எழுதிக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம். தட்கல் நேரத்தில் திட்டாதவர் கிடையாது, நானும் திட்டுகிறேன். ஆனால் நாற்பது வருஷம் நிற்கிறது என்றால் சும்மா இல்லை.

ஆகவே, ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனையாக நாலு விஷயம் சொல்கிறேன்.

திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே, பத்தாவது வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வார், எந்தத் தலைப்பில் பணம் வரும் என்று எழுதவேண்டும். பதில் இல்லை என்றால் தொடங்கக்கூடாது. வீடு கட்டுகிறவன் வெள்ளையடிக்கும் செலவை நினைக்காமல் கட்டமாட்டான்.

இரண்டாவது, அந்த வேலையை முப்பது வருஷம் செய்தவரை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைக்கவேண்டும். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடக்கூடாது. ஒன்றுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் எந்த டெண்டர் பத்திரத்திலும் இருக்காது, அவர் தலைக்குள்தான் இருக்கும்.

மூன்றாவது, பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடட்டும். பழைய பதிவேட்டைக் கிடங்கில் போட்டாலும், இன்ன பதிவேடு இன்ன அலமாரியில் என்று கணினியிலேயே ஒரு வரி இருக்கட்டும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். தப்பு வரும் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தும் வழியை முதலிலேயே வைக்கவேண்டும். யாரிடம் போகவேண்டும், எத்தனை நாளில் முடியும் என்று ஜன்னலில் எழுதி ஒட்டவேண்டும். 'பதிவு இல்லை' என்று கடிதம் அடிப்பதற்கு முன்னால், ஒரு மனிதன் எழுந்துபோய்ப் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு வருஷா வருஷம் நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்கும் வேலை இருக்கிறது. 2014இல் கைரேகை வைத்து அதைக் கணினியில் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வயதானால் ரேகை தேய்ந்துவிடும், இயந்திரம் ஏற்காது. 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு வழி சேர்த்தார்கள். அதற்குள் ஏழு வருஷம். ஆரம்பத்திலேயே எழுபத்தைந்து வயதுக்காரர் பத்துப் பேரைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். நல்லவேளை, பேங்கில் நேரில் போய்ப் பேப்பரில் கொடுக்கும் வழியை எடுக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தக் கணினித் துறையில் இருப்பார்கள். இப்படி ஏதாவது அரசாங்க வேலை அவர்கள் கைக்கு வந்தால், ஒரு நாள் முழுக்க அந்த அலுவலகத்தின் ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள். வருகிறவர் என்ன கேட்கிறார், குமாஸ்தா எந்தப் புத்தகத்தை எடுக்கிறார் என்று பார்க்கட்டும். இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தப்பு என்று தெரிந்தால் வாயால் சொல்லாதீர்கள், நோட் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். மேலே இருப்பவர் கோபித்துக்கொள்வார், ஒரு வாரத்தில் மறந்தும் போவார்.

நான் அந்த ஒரு வரியை இருபது வருஷம் தாமதமாக இங்கே எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் கடற்கரையில் அந்த எஞ்சினியர் நண்பரைப் பார்த்து, குமாஸ்தாமேல் தப்பு உண்டு என்று நீங்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். எந்தத் தப்பு என்பதில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை இருக்கிறது.